ஏழாம் பாத்தியில் நின்றவன்

செங்கால்விளை உப்பளத்துச் சேவகன் தவசிலிங்கம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் வேல்கம்பால் குத்துப்பட்டுச் செத்தான். செத்த பிறகு விழவில்லை. நாற்பத்தோரு நாள் நின்றான். ஏன் விழவில்லை என்று கேட்டால் அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை; வேலை செய்கிற இடத்தின் நடுவில் செத்தவன் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தால் அவனைச் சுற்றி எப்படி வேலை செய்வது என்பதுதான் அவர்களுடைய கவலை.

அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி. நாராயணவடிவு என்று பெயர், வடிவு என்று கூப்பிடுவார்கள், பதினேழு வயசு, அதே அளத்தில் உப்பு வாருகிறவள். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் எந்த நேரம் எந்த வரப்பில் தனியாக நிற்பான் என்று அவனைக் குத்தியவர்களுக்குச் சொன்னது அவள்தான். இதைக் கடைசிவரை மடியில் ஒளித்துவைத்துப் பிறகு எடுத்துக் காட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அது வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லி நாடு எழுந்த வருஷம். அக்கம்பக்கத்தில் தந்திக் கம்பி அறுந்தது, தபாலாபீஸ் எரிந்தது, தண்டவாளம் கழன்றது, செங்கால்விளையில் உப்பு இலாகா கட்டடத்துக் கூரையில் ஒரு விடியற்காலை மூவர்ணக் கொடி பறந்தது, அந்தக் கொடிக்குக் கீழே ஊர் கொடிக்காரர்கள் என்றும் சர்க்கார்காரர்கள் என்றும் இரண்டாகப் பிளந்து, நேற்றுவரை ஒரே சட்டியில் மீன்குழம்பு ஊற்றித் தின்றவர்கள் எதிரெதிரே வந்தால் காறித் துப்பிக்கொண்டு போனார்கள். கொடிக்காரர்கள் கூட்டம் போட்டு ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது, நெருப்புக் கிடையாது, அவன் செத்தால் பாடை தூக்க ஆள் கிடையாது. சர்க்கார்காரர்கள் கொடி ஏற்றியவர்களின் பெயரை போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். தவசிலிங்கம் சொன்ன பெயர் பலவேசம்.

பலவேசம் கொடி ஏற்றவே இல்லை. ஏணி இரவல் கொடுத்தான், அவ்வளவுதான்; அதையும் கூரை வேய என்று சொல்லித்தான் வாங்கிப் போனார்கள். போலீஸ் அவனைக் கூட்டிப் போய் ஆறு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பியபோது அவனுக்கு வலது கண் இல்லை. அவன் பொண்டாட்டி அந்தக் குழியில் பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு தெருவில் நடத்திக் கூட்டி வந்ததை வடிவு பார்த்தாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டாள்.

"நீதான சொன்ன?"

"ஏணி அவன் ஏணி. நான் பாத்தேன், சொன்னேன். சர்க்கார் உப்பைத் தின்னுட்டு சர்க்காருக்கு எதுத்தாப்புல நிக்கச் சொல்லுதியா?"

"அந்த உப்பை வாருனவ நான். உன் சர்க்கார் ஒரு நாள் வந்து வாருச்சா?"

அவன் அறைந்தான். அவள் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை, ஒரு வீட்டுக்குள் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் நயினார் வந்தான். ஆறுமுகநயினார் அவளுடைய அத்தை மகன், கொடிக்காரர்களுக்குத் தலைவன், மெட்ராசில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் படிப்பை விட்டு வந்தவன். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். அவனைக் கட்டிக்கொள்வோம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

"கோட்டைக் கழட்டி எரிக்கணும் புள்ள, அம்புட்டுதான்," என்றான். "அவன் மேல எங்களுக்கு என்ன கோவம்? அந்தக் காக்கிக் கோட்டும் பித்தள வில்லையும் போயிட்டா பொறவு அவன் நம்ம தவசி. நாலு பேரு முன்னால எரிச்சாத்தான் மத்தவனுக்கும் புத்தி வரும்."

"கோட்டு மட்டுந்தான?"

"கோட்டு மட்டுந்தான்."

"வெள்ளிக்கெழம உச்சிக்கு ஏழாம் பாத்தி வரப்புல நிப்பான் அத்தான். மத்த சேவகமாரு கஞ்சி குடிக்கப் போயிருவாவ. அவன் போமாட்டான். போனா பொம்பளைய மடியில உப்பு அள்ளிருவாளுவன்னு நெனப்பு அவனுக்கு."

நாலு பேர் போனார்கள். வடிவு நாலாம் பாத்தியில் குனிந்து வாரிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள். தவசிலிங்கம் விசிலை எடுத்து ஊதினான், யாரும் வரவில்லை. கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். அவன் கழற்றாமல், வரப்பிலிருந்து பாத்திக்குள் ஒரு எட்டு இறங்கி நின்று, திறந்து கிடந்த பித்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டான், அந்த வெயிலில் கழுத்துவரைக்கும் போட்டான். கடைசிப் பித்தானைப் போட்டபோது நயினார் குத்தினான். மற்ற மூன்று பேரும், தலைவன் குத்திவிட்டானே, நாம் சும்மா நின்றால் என்ன நினைப்பான் என்று ஆளுக்கு ஒன்று குத்தினார்கள். பிறகு ஓடினார்கள். அவள் பாத்தித் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடி வந்து அண்ணனைத் தொட்டபோது, நெருப்பாய்க் காய்கிற வெயிலில் அவன் மட்டும் கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. கால் இரண்டும் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில், நேராக, பாரா நிற்கிற மாதிரி.

சாயங்காலம் வடிவு பங்காளி வீடுகளுக்குப் போய்த் தூக்க வரச் சொல்லிக் கேட்டாள். எட்டு வீடு. எட்டு வீட்டிலும் கட்டுப்பாட்டைச் சொன்னார்கள். கடைசி வீட்டுச் சித்தப்பா மட்டும் வாசலுக்கு வந்து, "நான் வந்துட்டா நாளைக்கு எனக்கு யாரு வருவா தாயி?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சர்க்கார்காரர்கள் பக்கம் போனால் அவர்கள் எல்லோரும் கிராம முன்சீப் வீட்டு மச்சில் ஏறி உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். அதனால் அவன் நின்றான்.

மறுநாள் வெளியூரிலிருந்து ரிசர்வ் போலீஸ் வந்தது. துரைவேலு என்று ஒரு இன்ஸ்பெக்டர், பி.ஏ. படித்தவர், மேல் கோடியிலிருந்து ஆரம்பித்துப் பதினோரு வீட்டுக்குத் தீ வைத்தார், ஆண்களைக் கையைப் பின்னால் கட்டிப் புளியமரத்தில் தூக்கி மாட்டினார், ஓடிப்போன மகனைக் காட்டச் சொல்லி ஒரு தகப்பனைச் சுட்டார். கொடிக்காரர்கள் பதிலுக்கு முன்சீபின் வைக்கோல்படப்பை எரித்தார்கள், சர்க்கார் தண்டல்காரன் ஒருத்தனின் வலது கையைக் கோடாலியால் வெட்டிக் கிணற்றில் போட்டார்கள், அந்தக் கிணற்றில் யாரும் பிறகு தண்ணீர் எடுக்கவில்லை. இதெல்லாம் மனுஷர்கள் செய்தது, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது போல எல்லோரும் நடந்துகொண்டார்கள். தவசிலிங்கத்தைத் தூக்கும் காரியமும் அதோடு ஒரு காரியமாக நடந்தது. நாலு கான்ஸ்டபிள் தூக்கிப் பார்த்தார்கள். எட்டுப் பேர் பார்த்தார்கள். வடக்கயிறு கட்டி இரண்டு ஜோடிக் காளை பூட்டினார்கள், கயிறு அறுந்து காளை குப்புற விழுந்தது. காலுக்குக் கீழே தோண்டிப் பார்த்தார்கள். பள்ளம் ஆழமானது, கால் இருந்த இடத்திலேயே இருந்தது, பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் வந்து நிறைந்து அவன் பழையபடி கணுக்கால் அளவில் நின்றான். டவுனிலிருந்து டாக்டர் வந்து ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிற பிணத்தையே சோதனை செய்து, காயம் நான்கு, உயிர் இல்லை, நிலை நின்ற நிலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாட்டுவண்டியில் ஏறும்போது, "உப்பு இருக்கு, கெடாது," என்று ஆறுதல் மாதிரி சொன்னார்.

கெடவில்லை. காற்று அடித்து, வெயில் காய்ந்து, ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை உப்பு அவன் மேல் பூத்தது. வடிவு தினமும் விடிந்ததும் கூடையைக் கவிழ்த்துப்போட்டு மேலே ஏறி நின்று, தேங்காய் நாரால் அவன் புருவம், காது, பித்தான் எல்லாம் தேய்த்துச் சுத்தம் செய்தாள். பத்தாம் நாளுக்குள் ஊர் பழகிவிட்டது. உள்ளான் குருவிகள் அவன் தோளில் உட்கார்ந்தன. தண்ணீர் மட்டம் பார்க்கிறவன் அவன் கணுக்காலை அடையாளம் வைத்துப் பாத்திக்குத் தண்ணீர் திறந்தான். வேலைக்குப் பிந்தி வருகிறவர்கள் பழக்கத்தில் அவன் முன்னால் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். அவன் உயிரோடு இருந்த காலத்தில் சாயங்காலம் வீடு திரும்பும் பெண்களை வரப்பில் நிறுத்தி, உப்பு மறைத்திருக்கிறார்களா என்று மடியை அவிழ்த்து உதறிக் காட்டச் சொல்லுவான். இப்போதும் அவனைத் தாண்டும்போது ஒவ்வொருத்தியும் தன்னை அறியாமல் மடியை அவிழ்த்து உதறிவிட்டுத்தான் போனாள்.

"சவம் செத்தும் மடியப் பாக்குது," என்றாள் கூட உப்பு வாருகிற சொர்ணம் மதினி. அவள் வாய் அப்படி. ஒரு நாள் அவள் அவன் கண்ணெதிரே நின்று ஒரு பிடி உப்பை அள்ளி மடியில் முடிந்துகொண்டு, "ஊதும் வே விசிலை," என்று சொல்லிவிட்டு நடந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அதே உப்பைக் கொண்டுவந்து பாத்தியில் கொட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, "சோத்துல போட்டேன், பிள்ளைய திங்க மாட்டேன்னுட்டு," என்று மட்டும் சொன்னாள்.

முன்சீப் வந்து கலெக்டர் அனுப்பிய கடுதாசியைப் படித்து, ராஜவிசுவாசி என்று சொல்லி அவனுக்கு ஒரு ரோஜா மாலை போட்டார். கொடிக்காரர்கள் வந்து துரோகி என்று எழுதிய அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒரே கழுத்தில் இரண்டும் தொங்கின. வடிவு இரண்டையும் கழற்றி ஓடையில் போட்டாள், அவர்கள் மறுபடி போட்டார்கள், அவள் மறுபடி கழற்றினாள், இது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அவளுக்கு வேண்டியது அவன் படுக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் அளம் முழுக்க இடுப்பளவு வெள்ளம் நிற்கும், மூன்று மாசம் வடியாது, மீனும் நண்டும் வரும். அதற்குள் அவனை மண்ணுக்குள் வைத்தாக வேண்டும்.

பதினாறாம் நாள் காலை அவன் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தூக்கக் கலக்கத்தில் சாய்கிறவன் மாதிரி அவன் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். காற்று என்று சொல்லிக்கொண்டாள். காற்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து தேங்காய் நாரை ஒரு குச்சியில் கட்டித் தள்ளி நின்று தேய்த்தாள்.

மூன்று வாரமாகியும் யார் குத்தியது என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு வாயும் சொல்லவில்லை. அவரிடம் இருந்த கிழட்டு ஏட்டு ஒருத்தர்தான் சொன்னார்: "அநியாயமாச் செத்தவன் கண்ட கைக்கும் வரமாட்டான் சார். சாய்ச்சவன் கைக்கு வருவான். எங்க பக்கத்துல அப்படித்தான்." இன்ஸ்பெக்டர் அன்றைக்குச் சிரித்தார். அடுத்த வாரம் தமுக்கு அடிக்கச் சொன்னார். தவசிலிங்கத்தைத் தூக்குகிறவன் எவனோ அவனே கொலையாளி, பதினைந்து வயசு முதல் எழுபது வயசு வரை ஊரிலுள்ள ஆண்பிள்ளை ஒவ்வொருத்தனும் வந்து தூக்கிப் பார்க்க வேண்டும், வராதவன் வீடு கொளுத்தப்படும் என்று தமுக்கு சொன்னது. எழுதி ஒட்டவும் செய்தார்கள்.

அதிலிருந்து ஆண்கள் அந்தப் பக்கமே போகப் பயந்தார்கள். குத்தியவன் பயந்ததை விடக் குத்தாதவன் அதிகம் பயந்தான். மனசுக்குள் தவசிலிங்கம் சாக வேண்டும் என்று நினைத்தவன் ஊரில் பாதிப்பேர், அந்த நினைப்புக்காகவே அவன் தங்கள் கைக்கும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கஞ்சி இறங்காமல் கிடந்தார்கள். பெண்களை ஒருத்தரும் கூப்பிடவில்லை. பாடை தூக்குவது பெண்கள் செய்கிற காரியம் இல்லை, சுடுகாட்டு எல்லையைக்கூட அவர்கள் தாண்டுவதில்லை, அதனால் பி.ஏ. படித்த இன்ஸ்பெக்டருக்கும் தோன்றவில்லை, கிழட்டு ஏட்டுக்கும் தோன்றவில்லை, ஊருக்கும் தோன்றவில்லை.

மூன்று நாள் நடந்தது. வரப்பின் இருபக்கமும் துப்பாக்கி, நடுவில் வரிசை. ஒவ்வொருத்தனாக வந்து தவசிலிங்கத்தின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, மூச்சை அடக்கித் தூக்கிப் பார்த்து, அவன் அசையவில்லை என்றதும் அவன் காலிலேயே விழுந்து கும்பிட்டுவிட்டு ஓடினான். பலவேசம் வந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், காரணம் உள்ளவன் அவன்தானே. அவன் ஒற்றைக் கண்ணால் தவசிலிங்கத்தின் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"ஏணியத் திருப்பிக் கொண்டாந்து சாத்திட்டாவடே," என்றான் அவனிடம், அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்வது மாதிரி. "ஒரு படி ஒடஞ்சு போச்சு." பிறகு கட்டிப்பிடித்துத் தூக்கினான். அவன் வரவில்லை.

அடுத்த நாள் நயினார். ஓடிப்போனவன்தான், வராவிட்டால் அம்மா இருக்கிற வீட்டைக் கொளுத்துவார்கள் என்று திரும்பி வந்திருந்தான். வடிவு பெண்களோடு உப்பைக் குவித்து வைத்த அம்பாரத்து மேட்டில் நின்று பார்த்தாள். அவன் தூக்கிவிட்டால் அண்ணன் படுப்பான், அத்தான் தூக்கில் தொங்குவான். தூக்காவிட்டால் அத்தான் பிழைப்பான், அண்ணன் நிற்பான். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அவள் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு நின்றாள். நயினார் அணைத்தான், தூக்கினான், தவசிலிங்கம் அசையவில்லை. நயினாருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை தூக்கினான். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. அவனோடு போன மூன்று பேரும் அடுத்தடுத்து வந்தார்கள், அவர்களுக்கும் அசையவில்லை.

"பாத்தியா புள்ள," என்றான் நயினார், வடிவை ஓடைக்கரையில் பிடித்து. "அவனே சொல்லிட்டான். நாங்க குத்துனது அவன இல்ல, சர்க்கார. அவன் சாவுக்கு சர்க்காருதான் ஜவாப்தாரி."

"வேலு அவன் நெஞ்சுக்குள்ளதான அத்தான் போச்சு?"

"நீ சின்னப்புள்ள, ஒனக்குப் புரியாது."

"கோட்டு மட்டுந்தான்னு சொன்னீங்க. அது எனக்குப் புரிஞ்சுது."

ஊருக்கு அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. கொலையாளி ஊரிலேயே இல்லை என்று ஆகிவிட்டது பார்த்தீர்களா, அந்தச் சந்தோஷம். கட்டுப்பாடு வைத்த பிறகு முதல் தடவையாகக் கொடிக்காரர்களும் சர்க்கார்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசி, குத்துப்பட்டுச் செத்தவன், காவல் நிற்கிறவன், இவனுக்கு ஒரு பீடம் கட்டி வருஷா வருஷம் ஆடு வெட்டிக் கொடை கொடுத்துவிடலாம், இப்படியே நிற்கட்டும், அளத்துக்குக் காவல் என்று முடிவு செய்தார்கள். ஒருத்தன் செங்கல் கணக்குக்கூடச் சொன்னான். வடிவு போய் நடுவில் நின்றாள்.

"அவன் சாமி இல்ல. என் அண்ணன். அவனுக்குக் கால் வலிக்கும்."

யாரும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், பொண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு சாமி உதவாது, அவருக்கு ஆள் வேண்டும். நாற்பதாம் நாள் பலவேசத்தைப் பிடித்துச் சங்கிலி போட்டார். தூக்க முடியாவிட்டால் என்ன, கண் போன கோபம் அவனுக்குத்தான் இருக்கிறது, கோர்ட்டுக்கு அது போதும், விடிந்ததும் வண்டியில் ஏற்றுவோம், தூக்குத்தண்டனைக்குக் குறையாது என்று சொன்னார். பலவேசத்தின் பொண்டாட்டி தெருவில் புரண்டாள். வடிவு நேரே நயினார் வீட்டுக்குப் போனாள்.

"அவரு செய்யலன்னு போய்ச் சொல்லுங்க அத்தான்."

"சொன்னா யாரு செஞ்சான்னு கேப்பான்."

"அதையும் சொல்லுங்க."

நயினார் திண்டாடினான். எழுந்து நடந்தான், உட்கார்ந்தான். "நான் போயிட்டா இந்த ஊருல யாரு இருக்கா, சொல்லு. எல்லாம் அணைஞ்சிரும். பலவேசம் போனா..." என்று இழுத்து, "நாளைக்கு சொதந்திரம் வந்தா அவன் பேரைக் கல்லுல வெட்டி வைப்போம்," என்றான். அவன் அதை நம்பித்தான் சொன்னான்.

"அவருக்கு ஒரு கண்ணுதான் இருக்கு. கல்லுல வெட்டுனா அவரு எப்படி வாசிப்பாரு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நாற்பத்தோராம் நாள் காலை ஏழு மணிக்கு இலாகா கட்டடத்து முன்னால் போலீஸ் வண்டி நின்றது. பலவேசத்தைச் சங்கிலியோடு நடத்திக் கொண்டுவந்தார்கள். ஊர் முழுக்க வரப்பில் நின்றது, இந்தக் கரையில் கொடிக்காரர்கள், அந்தக் கரையில் சர்க்கார்காரர்கள். கிழக்கே கடல்மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வடிவு கூடையும் எடுக்கவில்லை, நாரும் எடுக்கவில்லை. வெறுங்கையோடு பாத்திக்குள் இறங்கி அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"வாண்ணே," என்றாள், பதினோரு நாளும் நாற்பத்தோரு நாளும் கழித்து. "போவோம்."

ஒரு கையை முதுகுக்குப் பின்னாலும் ஒரு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்தாள். தவசிலிங்கம் வந்தான். காய்ந்த தேங்காய் மட்டைச் சுமையைத் தூக்குவது மாதிரி, அவ்வளவு லேசாக வந்தான். நாற்பத்தோரு நாள் விறைத்து நின்ற கால் மடங்கியது, தலை அவள் தோளில் சாய்ந்தது, திறந்திருந்த கண் மூடியது, கோட்டிலிருந்து உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் வரப்பில் ஏறி நடந்தாள். கான்ஸ்டபிள் ஒருத்தன் துப்பாக்கியை உயர்த்தினான், ஏட்டு அதன் குழலைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அவள் கொடிக்காரர்களைத் தாண்டினாள், சர்க்கார்காரர்களைத் தாண்டினாள், முன்சீபைத் தாண்டினாள், ஓடையைத் தாண்டினாள், பெண்கள் தாண்டாத சுடுகாட்டு எல்லையை, அங்கே ஒரு எல்லை இருப்பதே தெரியாதவள் மாதிரி தாண்டினாள். சொர்ணம் மதினி அந்த எல்லையில் ஒரு கணம் நின்றாள், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் தாண்டினாள். கையால் மணலைப் பறித்தார்கள் இரண்டு பேரும். கொஞ்ச நேரத்தில் இன்னும் பெண்கள் வந்தார்கள், உப்பு வாருகிற பலகையால் பறித்தார்கள். அவனைப் படுக்க வைத்தார்கள். கோட்டைக் கழற்றட்டுமா என்று சொர்ணம் கேட்டாள். வேண்டாம், அவன் போட்டுக்கொண்டது, இருக்கட்டும் என்றாள் வடிவு.

இன்ஸ்பெக்டர் குழி ஓரத்தில் வந்து நின்றார். கையில் நோட்டு.

"நீயா குத்தினே?"

"இல்ல."

"பொய் சொல்லாதே. நீ தூக்கினதை ஊரே பார்த்தது."

"குத்தல. எங்க நிப்பான்னு சொன்னேன். அது தப்புன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் வந்தான். எழுதிக்கிடுங்க. எம்பேரு நாராயணவடிவு. அவர அவுத்து விடுங்க, நீங்க ஒட்டுன காயிதத்துல தூக்குனவதான் கொலகாரின்னு போட்டிருக்கு."

இன்ஸ்பெக்டர் தன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நினைத்துக்கொண்டு நின்றார். சங்கிலியை அவிழ்க்கச் சொன்னார். பலவேசம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வந்து, குனிந்து, முதல் பிடி மண்ணைத் தள்ளினான். அதற்குப் பிறகு சித்தப்பா வந்தார். எட்டு வீட்டுப் பங்காளிகளும் ஒவ்வொருத்தராக வந்து தள்ளினார்கள்.

"யார்கிட்ட சொன்னே?" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் இறங்கியிருந்தது. "அதைச் சொல்லிவிட்டால் உன்னை விட்டுவிடுகிறேன். சின்னப் பெண். சத்தியமாக விட்டுவிடுகிறேன்."

"எங்கண்ணன் ஒரு பேரச் சொன்னான், ஒரு கண்ணு போச்சு. நான் ஒரு எடத்தச் சொன்னேன், எங்கண்ணன் போனான். இனிமே நான் ஒண்ணும் சொல்லுததா இல்ல."

அவள் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். கூட்டத்தில் ஒருத்தரும் நயினாரைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவன் பக்கத்தில் நின்றவன் ஒரு எட்டு தள்ளி நின்றான், அவனுக்கு அடுத்தவன் இரண்டு எட்டு, இந்தப் பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள், அந்தப் பக்கத்தில் நின்ற கூட்டாளிகள் மூன்று பேர், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, வெள்ளம் வடிகிற மாதிரி நடந்தது, கடைசியில் மணல்வெளி நடுவில் நயினார் மட்டும் இருந்தான். இன்ஸ்பெக்டர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். குழிக்கும் அவனுக்கும் மூன்று எட்டு தூரம், வண்டிக்கும் அவனுக்கும் முப்பது எட்டு இருக்கும்.

வடிவு வண்டியின் பின்படியில் காலை வைத்தாள். முதுகுக்குப் பின்னால் மணலில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. வருகிற சத்தமா, போகிற சத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது. திரும்பினால் அவள் கண் நயினார் மேல்தான் போய் விழும், அப்புறம் வாயால் சொன்னால் என்ன, கண்ணால் சொன்னால் என்ன. அவள் கம்பியைப் பிடித்து ஏறி, உள்ளே பலகையில் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.